வோல்ட்டி அழைப்பா, வைஃபை அழைப்பா?

பெங்களூரு அல்சூரில் தரைத்தள வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி இது. எங்கள் சமையலறையிலும் சிக்னல் ஒரு கோடுதான். அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டால் பாதிப் பேச்சு விழுங்கப்பட்டுவிடும்.

பாதை: வோல்ட்டியில் (VoLTE, அதாவது 4ஜி நெட்வொர்க்கில் பேசுவது) அழைப்பு டவர் வழியாகப் போகும். வைஃபையில் வீட்டு பிராட்பேண்ட் வழியாக, மறையாக்கம் செய்யப்பட்டு (நடுவில் யாரும் கேட்க முடியாதபடி), அதே சிம் நிறுவனத்தின் மையத்தைச் சேரும். இரண்டிலும் அழைப்பைத் தொடங்குவது ‘சிப் இன்வைட்’ (SIP INVITE) என்ற, எதிர்முனையைப் பேச அழைக்கும் செய்திதான். சிம்மும் நிறுவனமும் அதே என்பதால் நம்பர் மாறாது, தனி ஆப்பும் வேண்டாம்.

கரண்ட் போனால்: ரூட்டர் அணைந்து வைஃபை அழைப்பும் போய்விடும். டவர்களுக்குப் பெரும்பாலும் பேட்டரி உண்டு.

தெருவுக்கு இறங்கினால்: வைஃபை அழைப்பு வோல்ட்டிக்கு மாறிவிடும், வாசலில் சிக்னல் இருந்தால்.

சரி, எது யாருக்கு? உள்ளறையில் சிக்னல் கிடைக்காதவர்களுக்கு வைஃபை. பஸ்ஸிலும் மெட்ரோவிலும் பேசுபவர்களுக்கு வோல்ட்டி. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இரண்டையும் ஆன் செய்தே வையுங்கள்.