லோயர் ஆர்ம் மாற்றிய பிறகு கார் இழுக்கிறதா? டயர் வாங்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

திருச்சியில் ஒரு பட்டறையில் என் காருக்கு நடந்ததை, இதே நிலையில் இருப்பவர்கள் பணத்தை இழக்காமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். புகார் இன்னும் முடியாததால் பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை.

கார் 2015ஆம் ஆண்டு ஸ்விஃப்ட். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம் வந்தது. முன்சக்கரங்களைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம்கள் இரண்டும் போய்விட்டன என்றார்கள். அது அநேகமாக உண்மைதான். இரண்டையும் மாற்றி, சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்டும் பார்த்ததாக 11,400 ரூபாய்க்குப் பில் போட்டார்கள். சத்தமும் குறைந்திருந்தது.

மறுநாள் மதுரைக்குப் போகும் வழியில், விராலிமலையைத் தாண்டி எண்பதில் போய்க்கொண்டிருந்தபோதுதான் கோளாறு தெரிந்தது. நேராகப் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கைச் சற்றே ஒருபக்கம் திருப்பிப் பிடித்திருக்க வேண்டியிருந்தது. அதைவிட மோசம், ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக்கைத் தொட்டாலோ கார் வலப்பக்கம் ஒதுங்கியது. மறுபடி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இடப்பக்கம் சாய்ந்தது. லாரியை முந்தும்போது இப்படி ஆனால் வயிற்றைக் கலக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பக் கொண்டுபோனபோது, “ரோடு சாய்வு சார், எல்லா வண்டியும் இப்படித்தான் போகும்” என்றார்கள். மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் பெரும்பாலும் இடப்புற ஓரத்தை நோக்கித்தான் சாய்ந்திருக்கும். அதனால் கார் இடப்பக்கம் லேசாக ஒதுங்கினால் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளலாம். வலப்பக்கம் ஏன் போகிறது என்பதற்கும், என் கால் பெடலை விட்டு எடுத்தவுடன் சாலையின் சாய்வு எப்படி மாறுகிறது என்பதற்கும் அவர்களிடம் பதில் இல்லை. இரண்டாம் முறை போனபோது பழி டயர் மீது விழுந்தது. முன்பக்கத்துக்கு இரண்டு புதிய டயர்களை 9,600 ரூபாய்க்கு அவர்களிடமே வாங்கினேன். இந்த விஷயத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

ஏனென்றால், டயர்தான் காரணமா என்று பார்க்க ஒரு பைசா செலவில்லை. காற்றழுத்தத்தைக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி சரிசெய்துவிட்டு, முன்பக்க டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இழுக்கும் திசையும் மாறினால் டயர், மாறாவிட்டால் வேறு ஏதோ. திசை பார்த்துப் போட வேண்டிய டயர்களுக்கு மட்டும் இது ஆகாது. புதிய டயர்களை நான் அப்படி மாற்றிப் பார்த்தபோது எதுவும் மாறவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று அறிய, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு சக்கரங்களின் அருகிலும் கையைக் காட்டிப் பார்த்தேன்; சூடு இருபக்கமும் ஒரே அளவுதான். இதற்குள் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரிலேயே, புது டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவினால் ஒருபக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பம்போல் சொரசொரப்பாகவும் இருந்தது. டோ அளவு, அதாவது மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்களின் முனை உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற அளவு, தவறியிருப்பதன் அடையாளம் இது.

பால்பண்ணைப் பக்கத்தில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் அறிகுறிகளைச் சொன்னேன். “பெடலுக்குத் தக்கபடி திசை மாறுதுன்னா அடியில ஏதோ நகருது தம்பி” என்று சொல்லிவிட்டு, காரைத் தூக்கி, கடப்பாரை முனையை வலது லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷுக்கு (ஆர்மை அடிச்சட்டத்தோடு சேர்க்கும் ரப்பர் வைத்த இணைப்புக்கு) அருகில் கொடுத்து நெம்பினார். ஆர்ம் முன்னும் பின்னும் அசைந்தது. போல்ட் முழுதாக இறுகாமல் இருந்தது. அது உரசிய இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோய், புஷ்ஷின் ரப்பரை நகத்தால் சுரண்டச் சொன்னார். கறுப்புப் பெயின்ட் செதில் செதிலாக வந்தது, அதன் அடியில் வெடித்துப்போன பழைய ரப்பர். புதிய உதிரிபாகத்தில் ரப்பர் மேல் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. இடப்பக்கம் மட்டும் புதிதாகப் போட்டு, வலப்பக்கத்துப் பழையதற்குப் பெயின்ட் அடித்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

அலைன்மென்டும் பொய்தான். என் காரின் முன்சக்கரங்களில் டோ அளவைத் திருத்த வேண்டுமானால் ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தியே ஆக வேண்டும். அந்த நட்டுகள் இரண்டிலும் பல வருடத்துத் துரு விரிசல்கூட விடாமல் படிந்திருந்தது. பட்டறையில் தந்த தாளை வீட்டில் எடுத்துப் பார்த்தேன். திருத்திய அளவுகள் அழகாக அச்சாகியிருந்தன, மேலே இருந்த மாடல் பெயர்தான் வேறு காருடையது. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது இரண்டு வினாடி படித்திருந்தால் போதும்.

பெரியவர் புதிய ஆர்மை மாட்டியபோது இன்னொன்றையும் கவனித்தேன். சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டுகளை அவர் கடைசியாக இறுக்கவில்லை. காரைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் நின்ற பிறகே போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சை எடுத்தார். தொங்கும்போதே இறுக்கினால் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். உங்கள் காருக்கு இந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் அவற்றைக் கேட்காததுதான் அவர்களுக்குத் துணிச்சல் கொடுத்தது.

புகைப்படங்களோடு பட்டறைக்குப் போனேன். முதலாளி முதலில், வேறு ஆள் கைவைத்த வண்டிக்குத் தான் பொறுப்பில்லை என்றார். காரைக் கழற்றுவதற்கு முன்பே எடுத்த வீடியோவைக் காட்டிய பிறகு, ஒரு ஆர்மின் விலையை மட்டும் திருப்பித் தந்தார். டயர், அலைன்மென்ட் பணத்துக்காகப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு; இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. முதலில் பேசிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நோட்டீஸில் கொடுத்த பதினைந்து நாள் கெடு வரும் வெள்ளியோடு முடிகிறது. பெயின்ட் அடித்த அந்த ஆர்ம் என் டிக்கியில், பில்லோடு சேர்த்துக் கட்டி வைத்தபடி கிடக்கிறது.