த்ராட்டில் சென்சார் கோளாறுக்கு மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் போதுமா?

காரின் கோளாறு கோடைப் படிப்பதற்கான ஓபிடி 2 சாக்கெட்டில் செருகி மொபைலோடு இணைக்கிற குட்டி ஸ்கேனர், இஎல்எம் 327 என்று போட்டு விற்பார்களே, அதுதான். கால் வைத்ததும் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திடீரென்று பாயும், நின்றால் ஐட்லிங் ஏறி ஏறி இறங்கும், செக் எஞ்சின் விளக்கு எரியும், அப்புறம் தானாகவே அணையும். இதற்காகத்தான் வாங்கினேன்.

கோட் படிப்பதில் குறை இல்லை. செருகியதும் பி0121 என்று காட்டியது, அதாவது த்ராட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவு) எவ்வளவு திறந்திருக்கிறது என்று த்ராட்டில் பொசிஷன் சென்சார் சொல்லும் கணக்கு மற்ற சென்சார்களின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. பி0122 என்றால் சிக்னல் வோல்டேஜ் குறைவு, பி0123 என்றால் அதிகம். இந்த இரண்டுக்கும் முதலில் வயரையும் கனெக்டரையும்தான் சந்தேகப்பட வேண்டும். ஆப் அதையெல்லாம் சொல்லாது, சென்சாரை மாற்று என்கிற தொனியில் ஒரு வரி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

சென்சார் அளவுகளை அவ்வப்போதே திரையில் காட்டும் லைவ் டேட்டாவில்தான் இந்த ஸ்கேனர் வேகம் போதாமல் உதை வாங்குகிறது. ஆர்பிஎம், கூலன்ட், வேகம் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டால் த்ராட்டில் சதவீதம் தாவித் தாவி வருகிறது, சென்சாருக்குள் தேய்ந்துபோன இடத்தைப் பெடல் கடந்த தடமே திரையில் இல்லை. மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பெடலை மிக மெதுவாக மிதித்தபோதுதான் கால்வாசி திறப்பில் கிராஃப் பல் விழுந்த மாதிரி ஒரு பள்ளம் காட்டியது. மிதிக்காதபோது 0 வரவில்லையே என்று பதற வேண்டாம், பல வண்டிகளில் 10 முதல் 20 சதவீதம் வரை காட்டுவது சாதாரணம்.

ஆனாலும் தீர்ப்பு சொன்னது மல்டிமீட்டர். என் வண்டியில் பெடல் கேபிள் வழியாக இழுக்கும் வகை த்ராட்டில், சென்சாருக்கு மூன்று வயர்: ஒன்றில் 5 வோல்ட், ஒன்று கிரவுண்ட், இன்னொன்று சிக்னல். மூடியிருக்கையில் 0.5 வோல்ட் பக்கம் தொடங்கி, முழுக்கத் திறக்கும்போது 4.5 பக்கம் வரை தடங்கல் இல்லாமல் ஏற வேண்டும். அதே கால்வாசி இடத்தில் முள் சட்டென்று விழுந்தது. முள் வைத்த பழைய மீட்டர் இருந்தால் அதையே எடுங்கள், டிஜிட்டலில் எண் மாறுவதற்குள் விஷயம் முடிந்துவிடும்.

கோட் பார்க்க, அழிக்க என்றால் தாராளமாக வாங்கலாம். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டிலுக்கு வாங்காதீர்கள். அதில் இரண்டு சென்சார் சிக்னல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும், அந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை என்கிற பி2135 கோட் வந்தால் இந்த ஸ்கேனரின் வேகம் எதற்கும் உதவாது. இன்னொன்று, வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டில் பேட்டரி மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும்.