புறாவலை, கொசுவலை, வெல்டு மெஷ்: நெல்லை வீட்டுப் பூனைக்கு எது தாங்கும்?

மகாராஜநகர், பெருமாள்புரம் பக்கம் மாடி வீடுகளில் பூனைக்காக பால்கனியை அடைக்கச் சொன்னால், வலை போடுகிறவர்கள் பெரும்பாலும் கொண்டுவருவது நைலான் புறாவலைதான். புறாவுக்கு அது போதும், முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். பூனை அப்படி விடாது. ஒரே மூலையில் உட்கார்ந்து, ஒரே நூலைக் கடைவாய்ப் பல்லால் நாள்கணக்கில் கடிக்கும்.

பூனையை அடைத்து வளர்ப்பது பாவம் என்பார்கள். வெயிலும் காற்றும், ஏறி உட்கார உயரமும் இல்லாத அறையில் அது வாடிப்போகும் என்பது உண்மை. ஆனால் வெளியே தெருநாய் உண்டு, பைக் உண்டு, வயலை ஒட்டிய வீடென்றால் கண்ணாடி விரியனும் உண்டு. இவற்றைவிட மோசமானது அடுத்த வீட்டில் வைத்த எலிமருந்து. புரோமடியலோன் வில்லையைத் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடித் திரிந்து பூனையிடம் சுலபமாக மாட்டும். இரத்தத்தை உறையவிடாத அந்த விஷம் ஏறியது வெளியே தெரியவே சில நாள் ஆகும். ஆக, அடைக்கத்தான் வேண்டும், ஆனால் வானம் தெரிகிற மாதிரி அடைக்க வேண்டும். அதற்கு எந்த வலை என்பதுதான் கேள்வி.

புறாவலையின் கண் வழக்கமாக 50 மி.மீ. குட்டியின் தலை அதில் நுழைந்துவிடும், உடம்பு சிக்கும். நைலான் ஈரத்தை உறிஞ்சித் தளரும், ஐப்பசி மழையில் தொய்வது அதனால்தான். நம் ஊர் வெயிலில் நூல் வெளுத்து இற்றுப்போகும், ஆனி ஆடிக் காற்று ஓயாமல் அசைத்து ஹூக்குகளில் தேய்க்கும். ஹூக்கை ஒன்றரை, இரண்டு அடிக்கு ஒன்றாக அடித்துவிட்டுப் போவது இன்னொரு குறை. கீழ் ஓரத்தைப் பூனை தலையால் தள்ளினாலே வழி கிடைத்துவிடும். வாடகை வீடு, வேறு வழியில்லை என்றால், 30 மி.மீ.க்கு மிகாத கண்ணுள்ள, வெயில் தாங்கும் ஹெச்.டி.பி.ஈ. (கெட்டியான ஒருவகைப் பிளாஸ்டிக்) வலை கேளுங்கள். நான்கு ஓரமும் எஃகுக் கம்பி கோத்து, 20 செ.மீ.க்கு ஒரு ஹூக் அடிக்கச் சொல்லுங்கள்.

வெல்க்ரோவில் ஒட்டும் சன்னல் கொசுவலையைப் பூனைக்கு நம்பவே கூடாது. நகம் மாட்டி ஒரு முறை இழுத்தால் பிரிந்துவிடும். சட்டத்துக்குள் இறுக்கிய எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) கொசுவலை சன்னலுக்கு நல்லது.

பால்கனிக்கு எங்கள் தேர்வு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வெல்டு மெஷ், குறுக்கும் நெடுக்கும் பற்றவைத்த கம்பிவலை: ஒரு அங்குலக் கண், 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மி.மீ. கம்பி. வாங்கும்போது வெல்டிங் செய்த பிறகு துத்தநாகம் பூசியதா என்று கேளுங்கள். பூசிய கம்பியை வெல்டிங் செய்தால் ஒட்டிய இடத்தில் பூச்சு எரிந்துவிடும், துரு அங்கேதான் தொடங்கும். கோழிவலை விலை குறைவுதான், ஆனால் கம்பி மெல்லிசு. தொங்கும், வெட்டிய முனை பாதத்தைக் கிழிக்கும்.

8 அடி நீளம், 7 அடி உயரத் திறப்புக்குக் கணக்கு இது. சட்டத்துக்கு ஒரு அங்குல சதுரக் குழாய்: சுற்றுக்கு 30 அடி, நடுக் கிடைக்கு 8, நடு நெட்டுக்கு 7, ஆக 45 அடி. 20 அடிக் குழாய் மூன்று வாங்கி 8+8, 8+7, 7+7 என்று வெட்டினால் சரியாக வரும். மெஷ் 4 அடி அகல ரோலில் 16 அடி. இரண்டு எட்டடித் துண்டுகளைக் கிடையாக வைத்தால் நடுச்சட்டத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், இணைப்பில் சந்து விழாது. ஓரத்தை வெறும் கட்டுக்கம்பியால் கட்டி விட்டுவிடாதீர்கள். தட்டைப் பட்டை வைத்து எட்டு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ போட்டால் கூரிய முனைகள் பட்டைக்கு அடியில் மறைந்துவிடும். வெல்டர் பற்றவைத்த இடமெல்லாம் துத்தநாக ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

டவுன் பக்கத்துப் பழைய வீட்டில் வேலை இன்னும் சுலபம். முற்றத்துக்கு மேலே கம்பி அழி ஏற்கெனவே இருக்கும், அதன் இடைவெளியில் பூனை புகுந்து ஓட்டுக்கு ஏறுவதுதான் சிக்கல். அழியின் மேலேயே மெஷ்ஷை விரித்து ஜி.ஐ. கம்பியால் கட்டினால் போதும். வெயிலும் மழையும் முற்றத்தில் விழும், பூனைக்குத் தார்சா (முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம்) நிழல் இருக்கும்.

அடைப்புக்குள் நாலைந்து அடி உயரத்தில் ஓர் அடி அகலப் பலகை ஒன்றாவது வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் பாதியிடமாவது நிழலாக இருக்க வேண்டும். பூனை மலஜலம் கழிக்கும் மணல்தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூட இருக்கட்டும். காயடிக்காத கடுவன் எந்த வலையையும் சோதித்துப் பார்க்கும். ஐந்து, ஆறு மாதத்தில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ அருகிலுள்ள மருத்துவரிடமோ அறுவை சிகிச்சை பற்றிக் கேளுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி உள்ளேயே வளரும் பூனைக்கும் வேண்டும்.

உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஜி.ஐ.யை வேகமாகத் தின்னும். அங்கே கூடுதல் செலவானாலும் எஸ்.எஸ். மெஷ்தான் போட வேண்டும். மற்ற ஊர்களில் புரட்டாசி முடிவதற்குள் கீழ் ஓர ஸ்க்ரூக்களை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள், மழைநீர் தேங்கி முதலில் தளர்வது அவைதான்.