சங்க நிர்வாகத்தை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்த பிறகு

வேறொரு நலச் சங்கத்தின் செயலாளராக இருக்கும் நண்பர், தங்கள் அலுவலக வேலைகளை நிர்வாகச் சேவை நிறுவனம் ஒன்றிடம் விடலாமா என்று கேட்டார். கோயம்புத்தூரில் உள்ள எங்கள் ஓய்வூதியர் சங்கம் சில ஆண்டுகளாக அவ்வாறே நடந்து வருவதால், அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

கணக்கு வேலையில் குறை சொல்ல இடமில்லை. சந்தா செலுத்திய அன்றே ரசீது போய்விடுகிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 கேட்கும் ஆண்டுக் கணக்குகளும் உறுப்பினர் பட்டியலும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குத் தாமதமின்றிச் சேர்கின்றன. இவற்றுக்காக முதிய வயதில் எங்கள் பொருளாளர் பட்ட அலைச்சலைப் பார்த்தவன் என்ற முறையில், இதை நான் மிகவும் மதிக்கிறேன். கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு; ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறிய சங்கத்துக்கு அது முழுவதும் செலவுதான்.

என்னால் பொறுக்க முடியாதது, உறுப்பினர் பதிவேட்டை அவர்கள் கையாளும் விதம். உறுப்பினர் ஒருவர் காலமானதை எழுத்து மூலம் தெரிவித்த பின்னரும், அவர் பெயருக்குச் சந்தா நினைவூட்டல் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கணவரை இழந்து, குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தில் எதை இணைப்பது என்று தெரியாமல் அந்த அம்மையார் சங்கத்தின் எண்ணுக்கு அழைத்தபோது, எடுத்த நிறுவன ஊழியர் புகார் எண் ஒன்றைக் கொடுத்து வைத்துவிட்டார். முன்பு அந்த அழைப்பை எங்களில் ஒருவர் எடுத்திருப்பார். மறுநாள் காலையில் இறப்புச் சான்றிதழையும் ஓய்வூதியப் புத்தகத்தையும் சரிபார்த்து, கருவூலத்துக்குத் துணையாகவும் போயிருப்பார். சங்கம் தொடங்கப்பட்டதே இதற்காகத்தான். நிறுவனத்தில் எங்கள் வேலையைப் பார்க்கும் ஊழியர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். வருபவர்கள் மரியாதையாகவே பேசுகிறார்கள், ஆனால் எவருக்கும் எங்கள் உறுப்பினர்களைத் தெரியாது.

நண்பர் ஒப்பந்தம் போடுவதானால், பதிவேடு சங்கத்தின் உடைமை என்பதையும், கேட்டபோதெல்லாம் அதன் முழுப் பிரதியை எக்செல் கோப்பாகத் தர வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். தொலைபேசியை மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியே கொடுக்கக் கூடாது. பதிவாளர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியதும் நிர்வாகக் குழுதான், நிறுவனம் அன்று.

எங்கள் குழுவில் பெரும்பாலோர் கணக்கு ஒழுங்கைக் காட்டி, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம் என்கிறார்கள். அந்த ஒழுங்கு உண்மை என்பதை நானும் ஏற்கிறேன். ஆயினும் என் வாக்கு வேண்டாம் என்பதற்கே. நண்பருக்கும் அதையே சொன்னேன்.