12 வோல்ட் என்று சொல்லி விற்கப்படும் பெட்டி: கடலோரத்தில் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரத்தில் ஒரு கடையில் '12 வோல்ட் பவர் சப்ளை' என்று சொல்லி 1,400 ரூபாய்க்கு எங்களுக்கு விற்ற பெட்டி, வீட்டு மின்சாரத்தை நேராகத் தண்ணீருக்குள் இறக்கியது. தொட்டியில் கை வைத்த என் மதினியை மின்சாரம் தூக்கி எறிந்தது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உடனே தட்டியதால் உயிர் பிழைத்தார். தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் வேறு வீடுகளிலும் இதே பெட்டி ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் சிங்கி இறால் வாங்கி, வியாபாரியின் வண்டி வரும்வரை சிமென்ட் தொட்டியில் உயிரோடு வைத்திருப்போம். செத்த சிங்கிக்கு விலை கிடையாது. ஆகவே கடல்தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். உப்புத்தண்ணீருக்குள் 230 வோல்ட் மோட்டாரை இறக்கவே கூடாது என்றுதான், வல்லம் படகில் தண்ணீர் இறைக்கும் 12 வோல்ட் டிசி (பேட்டரியைப் போல ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) பம்ப்பைத் தொட்டிக்கு வைத்தோம். படகு பேட்டரியில் நன்றாகவே ஓடியது. பேட்டரி இல்லாமல் வீட்டு மின்சாரத்திலேயே அதை ஓட்ட என்ன வழி என்று கேட்டுத்தான் கடைக்குப் போனோம். பம்ப்பைக் காட்டினோம். தொட்டியைப் பற்றியும் உப்புத்தண்ணீரைப் பற்றியும் விவரமாகச் சொன்னோம்.

முதலில் கடைக்காரர் கொடுத்தது கேமராவுக்குப் போடும் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். பம்ப்பின் மேலேயே 3 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது. அதுவும் சீராக ஓடும்போது இழுக்கும் அளவு. நின்றிருக்கும் டிசி மோட்டார் கிளம்பும் நொடியில் கரண்டைத் தடுப்பது சுருளின் மின்தடை மட்டுமே. சுழலத் தொடங்கிய பிறகுதான் எதிர் மின்னழுத்தம் உண்டாகி இழுப்பு குறையும். ஆகவே கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் வேண்டும். அடாப்டரால் அதைத் தாங்க முடியவில்லை. பம்ப் துடிப்பதும் நிற்பதுமாக இருந்தது. மின்சாதனம் விற்கும் கடைக்காரருக்கு இது அரிச்சுவடி.

திருப்பிக் கொடுத்தபோதுதான் அந்தப் பெட்டி வந்தது. திருகு பொத்தான் வைத்த தகரப் பெட்டி. "இது ஹெவி டியூட்டி, எந்த மோட்டாரையும் இழுக்கும்" என்று சொல்லி, மல்டிமீட்டரை வைத்து 12 என்று காட்டிக் கொடுத்தார்.

விபத்துக்குப் பிறகு எங்கள் ஊர் ஒயர்மேன் அதைத் திறந்தார். உள்ளே மின்மாற்றி இல்லை. மின்விசிறி ரெகுலேட்டரைப் போன்ற டிம்மர் பலகை ஒன்று, அதன் பின்னால் நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜ் ஒன்று, அவ்வளவுதான். 230 வோல்ட் அலையில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு, மிஞ்சும் வாலை மட்டும் டிசியாக மாற்றி அனுப்புகிறது. மீட்டர் காட்டுவது சராசரியை. நம் வீட்டு மின்சாரத்தின் உச்சம் சுமார் 325 வோல்ட். அதை வெட்டிச் சராசரியை 12க்குக் கொண்டுவந்தால், ஒவ்வொரு துடிப்பும் ஏறக்குறைய 150 வோல்ட் வரை எழும். அப்படி நொடிக்கு 100 துடிப்பு. பொத்தானில் கை பட்டுத் திரும்பினால் இன்னும் ஏறும். அதைவிடக் கொடுமை, பம்ப்புக்குப் போகும் இரண்டு கம்பிகளும் டயோடு வழியாக மெயின் லைனோடு தொடர்பில் இருக்கின்றன. கம்பி இணைப்பில் சுற்றிய டேப் உப்புக்காற்றில் இளகி ஈரம் புகுந்தது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று மதினி கையை விட்டார்.

எனக்கு ஆறாத கோபம் இதற்குப் பிறகு நடந்ததில்தான். கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னோம். பெட்டியில் குறை இல்லையாம், மோட்டாருக்கு ஆர்சிசிபி ஒத்துவராதாம், அதைக் கழற்றிவிட்டு நேராக இணைக்க வேண்டுமாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற, அன்று உயிரைக் காத்த ஒரே சாதனத்தைக் கழற்றச் சொன்னார்! இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய ஏசி (AC) வகை ஆர்சிசிபி, கசிவு டிசி கலந்ததாக இருந்தால் தட்டாமலே போகக்கூடும். எங்கள் வீட்டில் இருந்தது அத்தகைய கசிவுக்கும் தட்டும் ஏ (A) வகை.

12 வோல்ட் என்ற எண் மட்டும் காப்பாற்றாது. மெயின் லைனுக்கும் பம்ப்புக்கும் இடையே கம்பித் தொடர்பே இருக்கக் கூடாது. இரண்டு தனித்தனிச் சுருள் கொண்ட மின்மாற்றி அதைச் செய்யும். ஒரே சுருளில் கிளை எடுக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் செய்யாது. நல்ல தயாரிப்பான எஸ்எம்பிஎஸ்ஸும் (மின்னணு முறையில் மின்னழுத்தத்தைக் குறைத்து டிசி தரும் பவர் சப்ளை) செய்யும். 3 ஆம்பியர் பம்ப்புக்கு 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் கிளம்பும் இழுப்பைத் தாங்க இடம் இருக்கும். இப்போது நாங்கள் வைத்திருப்பது அதுதான். தொட்டியிலிருந்து தள்ளி, தண்ணீர் தெறிக்காத உயரத்தில், எர்த் கொடுத்து வைத்திருக்கிறோம்.

வாங்கும்போதே சோதிக்கலாம். பிளக்கை எதிலும் சொருகாமல், மல்டிமீட்டரை டயோடு சோதனையில் வைத்து, பிளக்கின் ஒவ்வொரு மின் முனைக்கும் வெளியே வரும் ஒவ்வொரு கம்பிக்கும் இடையே இரு திசையிலும் மாற்றி மாற்றி வையுங்கள். ஏதாவது எண் வந்தால் வாங்காதீர்கள். டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல அடாப்டரிலும் அது மங்கலாக எரியும். அடாப்டராக இருந்தால், ஆர் (R) என்ற எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

எங்களுக்குப் பில்லுக்குப் பதிலாக 'எஸ்டிமேட்' என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். பணத்தையும் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் நியாயமற்ற வணிக முறை என்கிறது. பில்லில் காலக்கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் வரை திரும்பப் பெற வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும்.

திருகு பொத்தானுடன் இதே போன்ற தகரப் பெட்டியை நீங்களும் வாங்கியிருந்தால், முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். அதற்கு முன் தண்ணீரில் யாரும் கை வைக்க வேண்டாம். பெட்டியையும் சீட்டையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். புகாருக்கு அவைதான் சாட்சி.