அகதி விசாரணைக்கு ஒத்திகை: 5க்கு 3.5

தம்பியின் அகதிக் கோரிக்கை விசாரணைக்கு முன் ஒத்திகை பார்க்க, ஸ்கார்பரோவில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம்.

ஒத்திகை உண்மையிலேயே நல்லது. இரண்டு மணித்தியாலம், சட்டத்தரணியே விசாரிப்பவர் இடத்தில் இருந்து கேள்வி கேட்டார். தம்பி கறுப்பு அங்கி போட்ட நீதவானை நினைத்துப் பயந்துகொண்டிருந்தான். கனடாவில் முதல் கட்டத்தில் முடிவெடுப்பவர் நீதிபதியே இல்லை, குடிவரவு அகதிகள் சபையின் உறுப்பினர் ஒருவர்தான், அனேகமாகக் கணினித் திரையில்தான் வருவார். 1985இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை, முடிவெடுப்பவர் உங்கள் முகத்தையே பார்க்காமல் எழுத்துப் பிரதியை வைத்துக் கதையை முடித்துவிடலாம் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அப்புறம், படிவத்தில் கைதான மாதம் ஆனி, தம்பி வாயில் வந்தது ஆடி. உடனே பிடித்தார். அந்த ஒன்றுக்கே கொடுத்த காசு சரி.

மொழிபெயர்ப்புத்தான் சொதப்பல். அவர்கள் கூட்டிவந்தவர் 'சுற்றிவளைப்பு' என்றதை, சுற்றி வளைத்துப் பேசுவது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்! ஆமி ஊரை வளைத்து ஆண்களை வரிசையில் நிறுத்தினது, தம்பி மழுப்பினதாக மாறிப்போச்சு. இதற்குத் தனிக் கட்டணம் வேறு. உண்மையான விசாரணைக்குச் சபையே மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரும், படிவத்தில் மொழியோடு வட்டார வழக்கையும் கேட்பார்கள், அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள்.