முத்துச்சிப்பிக் குஞ்சுகள்: காயலில் சேகரிப்பதா, பொரிப்பகத்தில் வளர்ப்பதா?

பசிபிக் கடலிலுள்ள பிரெஞ்சு பொலினீசியாவின் துவாமோத்து, காம்பியர் தீவுக்கூட்டங்களில் கருமுத்து விளைவிப்போருக்குச் சிப்பி கிடைக்க மூன்று வழிகள் உண்டு: கடலில் மூழ்கி எடுக்கலாம், காயலில் வலைத்துண்டுகளைத் தொங்கவிட்டுக் குஞ்சுகளை ஒட்டவைக்கலாம், தொட்டிகளில் முட்டை பொரித்து வளர்க்கும் பொரிப்பகத்தில் உருவாக்கலாம். முதல் வழியை விரிவாகப் பேசத் தேவையில்லை. பொத்தான் தொழிலுக்காக 19ஆம் நூற்றாண்டு முதல் நடந்த சிப்பிக்குளிப்பு அங்குள்ள பல காயல்களை வறிதாக்கிவிட்டது.

ஒட்டவைக்கும் முறைக்கு வலிமை தருவது காயலின் அமைப்பேயாகும். முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி ஏறத்தாழ மூன்று வாரம் நீரில் மிதந்த பிறகே ஒட்டிக்கொள்ள இடம் தேடுகிறது. திறந்த கடலாக இருந்தால் அதற்குள் நீரோட்டம் அதைத் தொலைவுக்குக் கொண்டுசென்றுவிடும், ஆனால் பவளத்திட்டு சூழ்ந்த காயலில் பெரும்பகுதி உள்ளேயே சுழன்றுகொண்டிருக்கும். நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே, நெடுங்கயிற்றில் கட்டிய கருநிற நிழல்வலைத் துண்டுகள் அந்த நேரத்தில் காத்திருந்தால் போதும். தீனி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பல பெற்றோரின் வழிவந்த குஞ்சுகள் என்பதால் மரபுவளமும் குன்றாது. எனினும், காற்றின் போக்கு மாறினால் சென்ற ஆண்டு நிறைந்த இடம் இவ்வாண்டு வெறுமையாகலாம். கிளாத்தி மீன்களும் நண்டுகளும் குஞ்சுகளைத் தின்னும். அஹே போன்ற வளமான காயல்களிலிருந்து பிற தீவுகளுக்குக் குஞ்சுகளை அனுப்பும்போது வேண்டாத உயிரிகளும் உடன் செல்லும்.

பொரிப்பகத்தின் தேவையை நன்கு உணர்த்துவது தூத்துக்குடி. மன்னார் வளைகுடாவின் பார்கள், அதாவது சிப்பி வாழும் கடலடித் திட்டுகள், திறந்த கடலில் இருப்பதால் அங்கே சிப்பி பெருகுவதும் அருகுவதும் முன்கூட்டிக் கணிக்க முடியாதவை. அங்கு கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. ஆகவே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1981இல் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்திலேயே குஞ்சு உற்பத்தி செய்து காட்டியது முக்கியமான சாதனையாகும். ஆனால் நுண்பாசி வளர்ப்பு, வடிகட்டிய கடல்நீர், தடையற்ற மின்சாரம், தேர்ந்த பணியாளர் ஆகியவற்றை ஒரு தொலைதூரப் பவளத்தீவில் திரட்டுவது பெருஞ்செலவு. நோய்க்கிருமி புகுந்தால் ஒரு தொட்டி முழுவதும் அழியலாம். சில பெற்றோரின் சந்ததியே மிகுந்து மரபுவளம் குறுகும் அபாயமும் உண்டு.

எனவே, காயலில் குஞ்சு கிடைத்துக்கொண்டிருக்கும் காலம்வரை பண்ணைக்குரிய சிப்பிகளைக் காயலிலிருந்தே சேகரிப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. பொரிப்பகத்துக்குரிய இடம் வேறு. முத்து விளைய, ஒரு சிப்பிக்குள் கரு எனப்படும் சிறு உருண்டையையும், கொடைச்சிப்பி எனப்படும் வேறொரு சிப்பியின் மேலுறைத் (உடலைப் போர்த்திய மென்திசு) துண்டையும் சேர்த்து வைப்பார்கள்; முத்தின் நிறத்தைப் பெரிதும் தீர்மானிப்பது இந்தத் துண்டுதான். ஒரு கொடைச்சிப்பியே இருபதுக்கும் மேற்பட்ட சிப்பிகளுக்குப் போதுமானது. குறைந்த எண்ணிக்கையில், தேர்ந்தெடுத்த நிறமுள்ள கொடைச்சிப்பிகளை வளர்ப்பதற்கு மட்டும் பொரிப்பகம் நடத்தினால் அதன் செலவுக்கு நியாயம் இருக்கிறது.

காயல் முறையைப் பரிந்துரைக்கும்போதும் ஒரு கடனை மறைக்கலாகாது. தொடக்கக்காலத்தில் மிக்கிமிக்கிச் செடியின் கிளைகளில் குஞ்சுகளை ஒட்டவைத்தார்கள். பின்னர் அந்த இடத்தைப் பிளாஸ்டிக் வலை பிடித்தது. அறுந்த வலையும் கயிறும் இன்று காயல்களின் அடியில் கிடக்கின்றன, அவற்றின் நுண்துகள்கள் சிப்பி வடிகட்டி உண்ணும் அதே நீரில் கலக்கின்றன. மக்கும் பொருளில் சேகரிப்பான்களை உருவாக்குவதும், பழைய வலைகளை மீட்டெடுக்கும் செலவைக் குஞ்சின் விலையிலேயே சேர்ப்பதும் புதிய பொரிப்பகங்களைக் கட்டுவதைவிட அவசரமான பணிகள்.